வாளுக்கும் வாய்க்காலுக்கும் இடையே

நாடு காக்கும் வாளும் வேண்டும். வயல் நனைக்கும் வாய்க்காலும் வேண்டும். வாளில்லாத நாடு வேலியில்லாத பயிர். வாய்க்காலில்லாத நாடோ பயிரில்லாத வேலி. இவ்விரண்டனுள் எது முந்தியது, எதற்கு எவ்வளவு என்பது ஆட்சிக் கலையின் அடிப்படைக் கேள்வி. வள்ளுவப் பெருந்தகை அதிகார வைப்பு முறையிலேயே இதற்கு விடை வைத்துள்ளார் என்று நாம் கருதுகிறோம். 74ஆம் அதிகாரம் நாடு, 75ஆவது அரண், 76ஆவது பொருள் செயல்வகை, அதன் பின்னரே 77ஆவதாகப் படைமாட்சி வருகிறது. விளைநிலமும் அதன் காவலும் ஈட்டிய பொருளும் முன்னே நிற்க, படை அவற்றின் பின்னே அணிவகுக்கிறது. பொருளைப் படையாக்குதல் எளிது. படையைப் பொருளாக்குதல் அரிது.

அரிதே ஆயினும் நடக்கக் கூடாததன்று. எப்போது நடக்கும், எப்போது நடவாது என்பதைக் காவிரிக் கடைமடையாகிய எம் பட்டுக்கோட்டைச் சீமையில் நின்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரின் பெயரிலேயே கோட்டை உண்டு. ஊரின் வாழ்வோ நெல்லிலும் தென்னையிலும் மீனிலும், கடல் கடந்தோர் அனுப்பும் பணத்திலும் இருக்கிறது. ஆகவே இக்கேள்வியைக் கேட்க இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வகுப்பறையில் எழுந்த வினா

இளங்கலை மாணவர்க்குப் புறநானூற்றின் 18ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். பாடியவர் குடபுலவியனார், பாடப்பெற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். அப்போர்க்களம் வேற்று நாட்டில் இல்லை. இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடே அது என்பர். சேரனையும் சோழனையும் வேளிர் ஐவரையும் ஒருங்கே வென்ற வீரனைப் பார்த்துப் புலவர் என்ன சொன்னார்? இன்னும் ஒரு போர் செய் என்றா? இல்லை. மறுமைச் செல்வமும் அழியாப் புகழும் வேண்டுமாயின் பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்கு என்றார். உணவைத் தருபவரே உயிரைத் தருபவர் என்றும், நீரும் நிலமும் கூடினால்தான் உணவு என்றும் மன்னனுக்கே பாடம் நடத்தினார்.

35ஆம் பாட்டையும் உடன் எடுத்துரைத்தோம். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம், களத்தில் படை பெற்றுத் தரும் வெற்றி உண்மையில் ஏரோட்டியவன் உழைப்பின் விளைவே என்று எடுத்துக் கூறித் தம் பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்வித்துக்கொண்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வரவு செலவுத் திட்ட விவாதம் இது என்று நாம் சொன்னபோது வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இவற்றால் நம் பட்டுக்கோட்டைக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்டார். அவர் தந்தையார் தென்னை விவசாயி. தமையனார் வளைகுடா நாட்டில் பணி செய்பவர். படித்து முடித்ததும் தாமும் விமானம் ஏற வேண்டியிருக்குமோ என்ற கவலை அக்குரலில் இருந்தது. ஒரு மணி நேரப் பாடவேளையில் விடை சொல்லி முடிக்கக் கூடிய வினாவன்று அது.

பணம் செல்லும் வழிகள்

பொருளியல் துறை நண்பர்களோடு அமர்ந்து பேசியதில் நமக்குத் தெளிந்தது இது. படைச் செலவு ஒரு வட்டாரத்தை மூன்று வழிகளில் வளர்க்கும். சம்பளமும் ஓய்வூதியமும் கடைத்தெருவில் புரளும். ஆயுதமும் உடையும் உணவும் வாங்கப்படும் இடங்களில் தொழில் பெருகும். பாதை, பாலம், ஓடுதளம் முதலியன பொதுமக்களுக்கும் பயன்படும். அதே செலவு மூன்று வழிகளில் வாட்டவும் செய்யும். வரியாகப் பணம் வெளியேறும். பள்ளிக்கும் பாசனத்துக்கும் போகவேண்டிய முதல் திசை மாறும். நிலமும் கடலும் தடைப் பகுதிகளாகும்.

அறிஞர்களும் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். 1973இல் எமில் பெனுவா என்னும் அமெரிக்கப் பொருளியலாளர், வளரும் நாடுகள் 44இன் கணக்குகளை ஆராய்ந்து, படைச் செலவு மிகுந்த நாடுகள் வேகமாக வளர்ந்ததாகக் காட்டினார். பின்வந்த ஆய்வாளர் பலர், அச்செலவு சேமிப்பையும் முதலீட்டையும் குறைத்து வளர்ச்சியைத் தடுப்பதாக மறுத்துரைத்தனர். நாடு முழுமைக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. ஆனால் வட்டார அளவில் நின்று பார்த்தால் இரண்டு கேள்விகள் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது: கொடுத்தவர் யார்? செலவு முடிந்தபின் அம்மண்ணில் எஞ்சியது என்ன?

இத்துலாக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு தஞ்சைத் தரணியின் வரலாற்றினுள் புகுவோம்.

சோழர் காட்டிய வழி

1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பொருளால் இராசராசன் அளித்த பொன்னணிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பல படைப்பிரிவுகளின் பெயர்களும் அங்கு உள்ளன. நம் ஆய்வுக்கு உரியது வேறொரு செய்தி. கோயிலின் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாக வழங்கப்பட்டது. வட்டி நூற்றுக்கு 12.5; அதை நெல்லாகவும் செலுத்தலாம். போரில் வந்த பொருள் கருவூலத்தில் உறங்காமல் கடனாக மாறிக் காவிரிக்கரை ஊர்களுக்குள் ஓடியது. அவ்வளவில் அது வளர்ச்சிதான்.

ஆயின் அதே கல்வெட்டுகளில் ஈழத்து ஊர்களிலிருந்து பெரிய கோயிலுக்கு வரவேண்டிய நெல்லும் பணமும் குறிக்கப்பட்டுள்ளன. இங்கே நிறைந்த குதிர் அங்கே குறைந்த குதிர். ஒரு வட்டாரத்தின் வளர்ச்சி மற்றொன்றின் தேய்வாக அமைந்த கணக்கு அது. இதையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வரலாற்றுக் கல்வி.

தஞ்சை கொடுத்தது, பிறர் செலவிட்டனர்

பதினெட்டாம் நூற்றாண்டில் காட்சி தலைகீழானது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, கும்பினிப் படைகளின் துணையால் ஆட்சியைப் பெற்றவர். அப்படைகளின் செலவை அவரே ஏற்கவேண்டியிருந்தது. கையில் பணமில்லை, கும்பினி ஊழியர்களிடமே உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனை அடைக்க வருவாய் மிகுந்த நாடு ஒன்று தேவைப்பட்டது. கண்ணுக்கெட்டிய தொலைவில் அத்தகைய நாடு தஞ்சை ஒன்றே.

1771இல் தஞ்சை முற்றுகையிடப்பட்டது. 1773இல் கோட்டை வீழ்ந்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். கும்பினி இயக்குநர்களின் ஆணைப்படி 1776இல் ஆளுநர் பிகட்டு அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அப்போது பால் பென்பீல்டு என்ற கும்பினி ஊழியர் முன்வந்து, நவாபுக்குத் தாம் கொடுத்த கடனுக்குத் தஞ்சையின் வருவாய் ஈடு என்றும், குடிகளுக்குக் கொடுத்த கடனுக்கு வயலில் நிற்கும் விளைச்சலே ஈடு என்றும் உரிமை கோரினார். சிறு சம்பளக்காரர் ஒருவர் அத்தனை பெருந்தொகையை எங்ஙனம் கடன் கொடுத்தார் என்று உலகம் வியந்தது. அக்கோரிக்கையை ஏற்க மறுத்த பிகட்டை அவருடைய அவையினரே 1776 ஆகஸ்டில் சிறைபிடித்தனர். மறு ஆண்டு காவலிலேயே அவர் உயிர் துறந்தார். 1785இல் எட்மண்டு பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்தக் கடன்களைப் பற்றியதே. கருநாடகத்தின் ஏரிகளைக் காட்டி, அவற்றை வெட்டிய பழைய அரசர்களின் பெருமையை அவ்வுரையில் அவர் எடுத்துரைத்தார்.

எண்ணிப் பாருங்கள். நாற்று நட்டவன் தஞ்சை உழவன். அவன் அறுக்கும் முன்னரே அக்கதிர், வேறெங்கோ சுடப்பட்ட பீரங்கிக் குண்டின் விலையாக அடகு வைக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் தஞ்சையார், பெற்றவர் சென்னைப்பட்டினத்துக் கடன்காரர், மண்ணில் எஞ்சியதோ ஒன்றுமில்லை.

அதன்மேல் 1781இல் ஐதர் அலியின் படை புகுந்தது. கோட்டை ஒன்று நீங்கலாக நாடு முழுவதும் சில மாதங்கள் அப்படையின் கையில் இருந்தது. கரைகள் உடைந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, குடிகள் சிதறினர். ‘ஐதர் கலாபம்’ என்று மக்கள் பல தலைமுறை அதை நினைவில் வைத்திருந்தனர். நவாபோ, மன்னரோ, மைசூர்த் தலைவரோ, கும்பினியோ யாராயினும், படைக்கான பணம் வயலிலிருந்து உறிஞ்சப்பட்ட காலத்தில் வயல் ஓய்ந்தது என்பதே வரலாறு தரும் செய்தி.

முடிவில் 1799இல் இரண்டாம் சரபோசி மன்னர், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்தார்.

மனோராவின் நிழலில்

படை வைத்துக்கொள்ளும் பொறுப்பு நீங்கிய அம்மன்னர் தம் பங்குப் பணத்தை எதில் செலவிட்டார்? சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். ஒரத்தநாட்டில் 1802இல் முத்தம்மாள் சத்திரத்தை எழுப்பினார். அச்செலவுகளின் பயன் இன்றும் நம் கண்முன் உள்ளது; ஓலைச்சுவடி தேடித் தஞ்சைக்குச் செல்லும் தமிழ்த்துறையார் அனைவரும் அதன் பயனாளிகளே.

இன்னொன்றும் கட்டினார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, சரபேந்திரராஜன்பட்டினக் கடற்கரையில் எட்டு அடுக்குகளோடு நிற்கும் மனோரா அது. மினார் என்னும் சொல்லின் மரூஉவே மனோரா என்பர். நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாட 1814இல் எழுப்பப்பட்ட சின்னம் இது. ஐரோப்பாவில் நடந்த போருக்குத் தஞ்சைக் கடற்கரையில் நினைவுத் தூண்! நாம் மாணவர்களோடு அங்குச் செல்லும்போதெல்லாம் கடற்காற்று இனிமையாகத்தான் இருக்கிறது. சுற்றுலா வருவோர் இளநீர் குடிக்கிறார்கள். சிலருக்குப் பிழைப்பும் நடக்கிறது. எனினும் தன் படையை இழந்த நாடு, பிறர் படையின் வெற்றிக்குத் தன் பணத்தில் கோபுரம் எழுப்பிய வரலாற்றை எண்ணும்போது மனம் கனக்கிறது.

படைப் பொறியாளர் தந்த அணை

நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்தர் காட்டன் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த பொறியாளர். காவிரி மேடிட்டு, நீரெல்லாம் கொள்ளிடத்தில் வழிந்து, தஞ்சை வயல்கள் காய்ந்த காலத்தில் அவர் இங்கே வந்தார். ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் நுட்பத்தைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்து கற்றதாக அவரே மதித்துப் போற்றினார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் எழுந்தன. பின்னாளில் கோதாவரிக்கும் அந்நுட்பமே சென்றது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அன்று கட்டிய அணையின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்தது. 182 ஆண்டுகள் உழைத்த பின்னரே இடிந்தது!

படைக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட ஓர் அறிவு வாய்க்காலுக்குத் திருப்பிவிடப்பட்டதனால் விளைந்த நன்மை இது. நீர் பெருகியதும் நிலவரியும் பெருகியது. கும்பினி அதற்காகத்தான் செலவிட்டது என்பதையும் மறவோம். ஆயினும் அணை மண்ணில் எஞ்சியது.

எம் பட்டுக்கோட்டைக்கு உயிர் கொடுத்ததும் அத்தகையதொரு பணியே. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர்த் திட்டத்தோடு கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது. மக்கள் அதைப் ‘புது ஆறு’ என்றனர். வானம் பார்த்த மேட்டுநிலமாயிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் நெல் விளையும் பூமியாயின. எந்தக் கோட்டையும் எந்தக் கோபுரமும் செய்யாததை ஒரு கால்வாய் செய்தது.

வாழைமர நோட்டு

அக்கால்வாய் வெட்டி எட்டாண்டு கழிந்ததும் உலகப்போர் எம் வீட்டு வாயிலுக்கே வந்தது. எம் பாட்டனார் அப்போது பினாங்கில் கடை வைத்திருந்தார். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானது. மாதந்தோறும் வந்த பணம் நின்றது; கடிதமும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் எம் பாட்டியார் கொல்லைத் தென்னையையும் உறவினர் உதவியையும் கொண்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தார். போர் முடிந்து பாட்டனார் திரும்பியபோது அவர் பெட்டியில் இருந்தவை, ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டுகள். அவற்றுக்கு ஒரு படி அரிசியும் கிடைக்காது. பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டில் பர்மாவும் வீழ்ந்து, அந்நாட்டு அரிசி வரத்து நின்றது. உபரி நெல் விளையும் தஞ்சை மாவட்டத்தின் மீது சென்னை மாகாணம் முழுவதும் சாய்ந்தது. நெல் கொள்முதலும் பங்கீடும் வந்தன. போர்ச் செலவுக்காக நோட்டுகள் மிகுதியாக அச்சிடப்பட்டமையால் விலைவாசி ஏறியது. அச்செலவில் தஞ்சைக்கு எஞ்சியது, 1940ஐ ஒட்டி அமைக்கப்பட்ட ஒரு விமான ஓடுதளம்.

இன்றைய கணக்கு

அந்த ஓடுதளமே இன்றைய விமானப்படைத் தளத்தின் வித்து. 2013 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அதனை முழுமையான தளமாகத் திறந்துவைத்தார். 2020 சனவரி 20 முதல் சுகோய்-30 விமானங்கள் கொண்ட 222ஆம் படைப்பிரிவு அங்கு நிலைகொண்டது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம் ஊரின் வானிலும் அவ்வோசை கேட்கும்.

2025-26ஆம் ஆண்டு ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 13 ரூபாய்க்கு மேல். இதில் சுமார் 1.60 லட்சம் கோடி ஓய்வூதியம். வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு அவ்வோய்வூதியம் ஆண்டுதோறும் பாயும் ஓர் ஆறு. கப்பலேறிப் பொருள் தேடிய எம் கடற்கரை ஊர்களில் அந்த ஆறு மெலிந்தே ஓடுகிறது.

தொழில் வழியே வரும் பயனுக்குத் திருச்சியைப் பார்க்கவேண்டும். 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் அரசு நிறுவனமொன்றின் அங்கமாயிற்று. 2019 சனவரி 20 அன்று தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்தும் அதன் முனையங்கள். பட்டறையும் பற்றவைப்பாளரும் பயிற்சிக்கூடமும் ஏற்கெனவே உள்ள இடங்கள் இவை. உள்ளவர்க்கே கொடுக்கப்படும் என்பது இத்தொழிலின் இயல்பு. ஒரே கொள்முதல்காரரை நம்புவதில் இடரும் உண்டு. 2010களில் கொதிகலன் தேவை குறைந்தபோது, திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தை நம்பியிருந்த சிறு ஆலைகள் பட்ட பாட்டை அனைவரும் அறிவர்.

காவிரிப்படுகையோ 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். இரும்பு, தாமிர உருக்காலைகளுக்கு இங்கு இடமில்லை, இருக்கவும் வேண்டா.

கடலுக்கு அப்பாலும் ஒரு கணம் நோக்குவோம். 1983 முதல் 2009 வரை நடந்த போரில் இலங்கையின் வடபகுதி இழந்தவை பல. காங்கேசன்துறைச் சிமெண்டு ஆலை 1990இல் நின்றது. விளைநிலங்கள் உயர்பாதுகாப்பு வலயங்களாயின. அங்குள்ள மீனவருக்குக் கடலே தடையாயிற்று. அக்காலத்தில் நம் கரையின் விசைப்படகுகள் பெருகின. போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியதும் பிணக்கு முற்றியது. மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் படகுக் கடனோடு தவிக்கும் குடும்பங்களின் துயரத்தில், அயலாரின் போர்க்காலத்தில் கிடைத்த வளர்ச்சி நிலையாது என்னும் பாடமும் அடங்கியுள்ளது.

கேட்க வேண்டியவை

தளத்தை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லை காக்கும் வீரர்க்கு நாடு கடன்பட்டுள்ளது. நாம் வேண்டுவது, கொடுத்த வரியில் ஒரு பகுதியேனும் இம்மண்ணில் எஞ்சவேண்டும் என்பதே. விமானப் பராமரிப்பு, மின்னணுவியல், பற்றவைப்பு ஆகிய பயிற்சிகள் பட்டுக்கோட்டைப் பகுதி தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கற்பிக்கப்படட்டும். தஞ்சை ஓடுதளத்திற்குப் பொதுமக்கள் விமானமும் வந்து செல்ல வழி பிறக்கட்டும். தளத்தில் வாழ்வோரின் அன்றாடக் காய்கறியும் மீனும் தேங்காயும் எம் உழவரிடமும் மீனவரிடமும் வாங்கப்படட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எம் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நாடறியும். புயலில் உதவும் ஆற்றலையும் படைவலிமையின் ஓர் உறுப்பாகக் கருதி இக்கடற்கரையில் நிலைபெறச் செய்யட்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, புது ஆற்றின் கடைமடைக்கு ஆண்டுதோறும் தண்ணீர் வந்து சேரவேண்டும். தலையாலங்கானத்து வெற்றியால் அம்மண்ணில் விளைந்தது எதுவுமில்லை. அவ்வெற்றியாளனுக்குப் புலவர் சொன்ன அறிவுரையே இன்றும் பயன் தருகிறது. வரி கொடுக்கும் கை ஏர் பிடிக்கும் கையாயிருக்கும் வரை, அந்த ஏருக்கு நீர் தருவதே நாட்டின் முதற் பாதுகாப்புச் செலவாகும். இளைஞர்கள் இக்கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றபின் கேட்கத் தயங்கலாகாது.